காலம் கெட்டுப் போச்சா? அன்றையும் இன்றையும் ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

“காலம் கெட்டுப் போச்சு மக்ளே” என்ற பேச்சு காதில் விழாமல் குமரி மாவட்டத்தில் ஒரு நாள் கழியாது. வடசேரி பேருந்து நிலையத்தில் கேட்கலாம், தக்கலைச் சாயாக்கடையில் கேட்கலாம், அம்மன் கோயில் கொடை விழாவுக்குக் கூடியவர்களிடமும் ஞாயிறு ஆராதனை முடிந்து முற்றத்தில் நிற்பவர்களிடமும் கேட்கலாம். சொல்கிறவர்களின் வருத்தம் உண்மையானது. பழையாற்றில் குளித்து வளர்ந்த ஒருவர், இன்று அதே ஆற்றில் நாகர்கோவிலின் சாக்கடை கலப்பதைப் பார்த்தால் வேறென்ன சொல்வார்?

ஆனால் “ஆறு கெட்டது” என்பதிலிருந்து “உலகமே முன்பைவிட மோசம்” என்பதற்குத் தாவும்போது கணக்கு தவறிவிடுகிறது. “எல்லாம் முன்னேறிவிட்டது, சும்மா புலம்பாதீர்கள்” என்கிறவர்களும் அதே தாவலைத்தான் எதிர்ப்பக்கமாகத் தாவுகிறார்கள்.

நினைவையும் செய்தியையும் எதிரெதிரே வைப்பது

அதிகம் பேர் செய்கிற தவறு இது. பழைய காலம் என்றதும் நம் மனதில் வருவது நாம் வளர்ந்த தெரு, நம் பள்ளிக்கூடம், நமக்குத் தெரிந்த நூறு இருநூறு முகங்கள். இந்தக் காலம் என்றதும் வருவதோ கைப்பேசியில் இன்று காலை பார்த்த செய்தி. நாற்பது வருடத்துக்கு முன்னால் கான்பூரில் நடந்த கொலை குமரி மாவட்டத்து அருமனைக்கு வந்து சேராது. இன்று படத்தோடும் வீடியோவோடும் வந்து சேர்கிறது. நான்கு வாட்ஸ்அப் குழுக்களில் திரும்பத் திரும்ப வருகிறது. ஒரு தெருவின் நினைவை எடுத்து ஒரு நாட்டின் குற்றச் செய்திகளோடு ஒப்பிட்டால் பழைய காலம்தான் ஜெயிக்கும்.

சரியாக ஒப்பிட வேண்டுமென்றால் நாட்டை நாட்டோடு ஒப்பிட வேண்டும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி இந்தியாவில் 1992-ல் பதிவான கொலைகள் 40,000-க்கும் மேல். 2022-ல் 28,522. இடையில் மக்கள்தொகை சுமார் 50 கோடி கூடியிருக்கிறது. லட்சம் பேருக்கு நாலரை என்றிருந்தது இரண்டு சொச்சமாகப் பாதிக்கும் கீழே வந்துவிட்டது. “இப்ப எங்க பாத்தாலும் கொல” என்று அடித்துச் சொல்கிறவரிடம் இதைச் சொன்னால் நம்ப மாட்டார். அதற்கும் காரணம் இருக்கிறது. ஆடம் மாஸ்ட்ரோயானி, டேனியல் கில்பர்ட் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2023-ல் ‘நேச்சர்’ இதழில் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். குறைந்தது 60 நாடுகளில் மக்கள் “ஒழுக்கம் குறைந்துவருகிறது” என்று நம்புகிறார்கள். அமெரிக்கக் கருத்துக்கணிப்புகளில் 1949 முதலே இந்தப் பேச்சு இருக்கிறது. ஆனால் “உங்களைச் சுற்றியிருப்பவர்கள் இன்று எப்படி நடந்துகொள்கிறார்கள்?” என்று கேட்ட கணக்குகளை வருடாவருடம் எடுத்துப் பார்த்தால் பதில் பெரிதாக மாறவே இல்லை. அதாவது, நம் பாட்டா குறைசொன்ன தலைமுறை நம் அப்பாவுடையது. அப்பா குறைசொன்னது நம்முடையது.

இதன் தம்பி மாதிரி இன்னொரு தவறு: எண்ணத் தொடங்கியதைப் பெருகியதாக எடுத்துக்கொள்வது. தமிழ்நாட்டில் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் 1992-ல்தான் வந்தது. அதற்கு முன்னால் புருஷன் அடித்தால் “குடும்பம்னா அப்படித்தான்” என்று பெண்ணைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஏட்டில் எதுவும் ஏறாது. புகார்கள் கூடினால் அடிகள் கூடிவிட்டன என்று உடனே முடிவுகட்ட முடியாது. வெளியே சொல்ல வழி கிடைத்ததும் காரணமாக இருக்கலாம்.

“அந்தக் காலத்துல கேன்சரே கிடையாது” என்பதும் இந்த வகைதான். புற்றுநோய் பெரும்பாலும் வயதானவர்களுக்கு வருவது. சுதந்திரம் கிடைத்த சமயத்தில் இந்தியரின் சராசரி ஆயுள் 32 வயதை ஒட்டி இருந்தது, இப்போது 70. அறுபதைத் தொடுவதற்கு முன்பே காலராவும் காசநோயும் கொண்டுபோய்விட்ட ஊரில் புற்றுநோய் எப்படிக் கண்ணில் படும்? வந்தவர்களுக்கும் “வயித்துல கட்டி” என்றுதான் பெயர். அன்றைய அறுபது வயதுக்காரரை இன்றைய அறுபது வயதுக்காரரோடு ஒப்பிட்டால்தான் உண்மை தெரியும். அதற்காக மணவாளக்குறிச்சிப் பக்கம், கதிர்வீச்சுள்ள கடற்கரை மணலால் புற்றுநோய் வருகிறதா என்று மக்கள் எழுப்பும் கேள்வியை “எல்லாம் பிரமை” என்று ஒதுக்கிவிடக் கூடாது. அது ஓர் இடத்தைப் பற்றிய கேள்வி. அந்த இடத்தில் அளந்துதான் பதில் சொல்ல வேண்டும்.

இருந்து பேசுகிறவர்களை மட்டும் கேட்பது

பழைய காலத்தைப் பற்றி நமக்குச் சொல்கிறவர்கள் யார்? பிழைத்தவர்கள். “அந்தச் சாப்பாடு, அந்த உடம்பு, எனக்கு எண்பது வயசு, இன்னும் கருப்பட்டிக் காப்பி குடிச்சிட்டு வயலுக்குப் போறேன்” என்கிறவர் சொல்வது அவரளவில் சரி. அவரிடம் இன்னொரு கேள்வியையும் மெதுவாகக் கேளுங்கள்: “பாட்டா, உங்க அம்மை மொத்தம் எத்தன பெத்தாவ?” பல வீடுகளில் பதில் ஒரு மாதிரியாகத்தான் வரும். பெற்றது எட்டு அல்லது ஒன்பது, மிஞ்சியது நாலு அல்லது அஞ்சு. 1946-ல் வந்த, ஜோசப் போர் (Bhore) என்ற அதிகாரி தலைமையிலான சுகாதாரக் குழுவின் அறிக்கை, பிரிட்டிஷ் இந்தியாவில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 162 பேர் முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை என்று கணக்குச் சொன்னது. ஆறில் ஒன்று. பிரசவத்தில் இறந்த தாய்மார்கள் வருடத்துக்குச் சுமார் இரண்டு லட்சம். தமிழ்நாட்டில் 2020 கணக்குப்படி அந்த 162 வெறும் 13. உலகம் முழுவதும் ஐந்து வயதுக்குள் இறந்த குழந்தைகள் 1990-ல் சுமார் ஒண்ணேகால் கோடி, 2022-ல் 49 லட்சம். 49 லட்சம் சின்ன எண்ணே இல்லை. ஆனாலும் பாதிக்கும் கீழே குறைந்திருக்கிறது.

ஐம்பது வயதைத் தாண்டியவர்களின் கையில் காசு அளவுக்கு வட்டமான தழும்பு இருக்கும், பார்த்திருப்பீர்கள். அம்மை குத்தின தழும்பு. வைசூரி வந்தால் வீட்டு வாசலில் வேப்பிலை கட்டிவிட்டு ஊர் ஒதுங்கிப்போன காலத்தின் மிச்சம் அது. அந்த நோய் இந்தியாவில் 1975-லும் உலகில் 1977-லும் நின்றது; 1980-ல் உலக சுகாதார நிறுவனம் ஒழிந்துவிட்டதாக அறிவித்தது. அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைகளின் கையில் அந்தத் தழும்பு கிடையாது, தேவையும் இல்லை. நடக்காமல் போன சாவுகள் எந்தச் செய்தியிலும் வராது. அதனால்தான் இந்த மாதிரி மாற்றங்களை நாம் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

யாருடைய அந்தக் காலம்?

எனக்கு மனம் பொறுக்காத தவறு இதுதான். “அந்தக் காலத்துல எல்லாரும் ஒத்துமையா, மரியாதையா இருந்தாவ” என்கிறோம். எல்லாரும் என்றால் யார்?

இந்த மண்ணில், தோளை மறைத்துக்கொண்டு தெருவில் நடப்பதற்கே பெண்கள் பல பத்தாண்டுகள் போராட வேண்டியிருந்தது. சந்தைக்குப் போன பெண்களின் மேலாடையைக் கிழித்தார்கள், வீடுகளைக் கொளுத்தினார்கள். கடைசியில் 1859 ஜூலை 26-ல், குமரியை அன்று ஆண்ட திருவிதாங்கூர் அரசு ஆணை போட்டது. அந்த ஆணையைக் கவனித்துப் படிக்க வேண்டும்: நாடார் பெண்கள் மார்பை மறைத்துக்கொள்ளலாம், ஆனால் உயர்சாதிப் பெண்கள் உடுத்துவதுபோல உடுத்தக் கூடாது. தோற்ற பிறகும் அந்த ஒரு வேற்றுமையை விட்டுவிட உயர்சாதியாருக்கு மனம் வரவில்லை. அதற்கு நான்கு வருடம் முன்னால்தான், 1855-ல், இங்கே அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. சுசீந்திரம் கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடப்பதற்காகவே 1926-ல் சத்தியாகிரகம் நடந்தது. கோயில் கதவு எல்லாருக்கும் திறந்தது 1936 நவம்பர் 12-ல்.

ஆகவே “பழைய காலம் பொற்காலம்” என்று ஒருவர் சொன்னால், அவர் வீட்டுக்கு அது பொற்காலமாக இருந்திருக்கலாம். அதே ஊரில் நாலு தெரு தள்ளிக் கேட்டால் வேறு கதை வரும். சாதி ஒழிந்துவிட்டது என்று யாரும் சொல்ல முடியாது. அன்று அது சட்டமாக இருந்தது, இன்று சட்டத்துக்கு விரோதம். இந்த வித்தியாசத்துக்காக அடிபட்டவர்களை மறந்துவிட்டு ஒப்பிடுவது அவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

சோற்று விஷயமும் அப்படித்தான். நாஞ்சில்நாடு திருவிதாங்கூரின் நெற்களஞ்சியம் என்று பெருமையாகச் சொல்வோம். 1942-ல் பர்மா ஜப்பான் கைக்குப் போய் அரிசி வரத்து நின்றபோது, அந்தக் களஞ்சியத்தால் நாட்டின் பசியை ஆற்ற முடியவில்லை. மரச்சீனிக் கிழங்கைத் தின்றுதான் ஏழைகள் உயிரைப் பிடித்து வைத்தார்கள். இன்று கிழங்கும் மீன்குழம்பும் ஆசைக்குச் சாப்பிடுகிறோம். அன்று வேறு கிடைக்கவில்லை.

தானாக நடந்தது என்று நினைப்பது

இங்கேதான் எதிர்ப்பக்கத்தின் தவறு ஆரம்பிக்கிறது. எண்கள் நன்றாக இருக்கின்றன, காலம் போகப்போக இன்னும் நன்றாகிவிடும் என்று காலை நீட்டி உட்கார்ந்துவிடுகிறார்கள். 2011 கணக்கெடுப்பில் குமரி மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழ்நாட்டிலேயே முதலிடம். 1819-லேயே நாகர்கோவிலில் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கியிருந்தார்கள். அதற்குப் பிறகும் தலைமுறை தலைமுறையாகப் பலர் உழைத்துத்தான் இந்த எண் வந்தது.

கடலைப் பாருங்கள். 2004 டிசம்பர் 26 அன்று கொட்டில்பாட்டிலும் குளச்சலிலும் மணக்குடியிலும் அலை வந்தபோது இந்தியப் பெருங்கடலுக்கு எச்சரிக்கை ஏற்பாடே கிடையாது. 2007 முதல் ஐதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் இயங்குகிறது. புயலிலும் இதே கதை: 1999-ல் ஒடிசாவில் சுமார் 10,000 பேர் இறந்தார்கள், 2013-ல் பைலின் புயலில் ஐம்பதுக்கும் குறைவு. காற்று இரக்கம் காட்டவில்லை, முன்கூட்டியே பல லட்சம் பேரை வெளியேற்றினார்கள். சரி, அப்படியென்றால் 2017-ல் ஒக்கி புயல் வந்தபோது தூத்தூர், வள்ளவிளை மீனவர்கள் ஏன் கடலில் செத்தார்கள்? எச்சரிக்கை வருவதற்குப் பல நாள் முன்பே அவர்கள் ஆழ்கடலுக்குப் போயிருந்தார்கள், வந்த எச்சரிக்கையும் அங்கே அவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. கரைக்கு நடந்த முன்னேற்றம் ஆழ்கடலுக்கு நடக்கவில்லை. சராசரியை மட்டும் பார்த்தால் இது தெரியாது.

சில விஷயங்கள் உண்மையிலேயே மோசமாகின்றன, அதையும் மறைக்கக் கூடாது. காற்றில் கரியமில வாயு 1958-ல் பத்து லட்சத்துக்கு 315 பங்கு, 2024-ல் 420-க்கும் மேல். அளவெடுக்கத் தொடங்கியதிலிருந்து மிக வெப்பமான ஆண்டு 2024. அரசுகள் ஈடுபட்ட போர்களின் எண்ணிக்கை 1946-க்குப் பிறகு அந்த ஆண்டில்தான் உச்சம் தொட்டது. அதே உலகத்தில், 1990-ல் மூன்றில் ஒருவருக்கு மேல் கொடும் வறுமையில் இருந்தது இப்போது பத்தில் ஒருவராகியிருக்கிறது. இதையெல்லாம் கூட்டிக் கழித்து “நல்லதா, கெட்டதா” என்று ஒரே வார்த்தையில் பதில் கேட்பதே தவறு.

உள்ளூர்க் குறையை உலகக் கணக்கால் வாயடைப்பதும் தவறுதான். ஒருவர் தன் ஊர்க் குளம் சுருங்கிவிட்டது, மலையை உடைத்து லாரியில் கொண்டுபோகிறார்கள் என்று சொல்லும்போது, குழந்தை இறப்பு குறைந்த கதையை எடுத்துவிடாதீர்கள். சுசீந்திரம்–தேரூர் குளங்களும் வேம்பனூர் குளமும் 2022-ல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலான ராம்சர் பட்டியலில் சேர்ந்தன, வெளிநாட்டுப் பறவை வருகிறது என்று படம் போடுகிறோம். பட்டியலில் இல்லாத குளங்கள் ஊருக்கு ஊர் கிடக்கின்றன. அங்கே நினைவையும் நம்ப வேண்டாம், சராசரியையும் நம்ப வேண்டாம். குளத்தின் சர்வே எண்ணும் பரப்பும் கிராம ‘அ’ பதிவேட்டில் இருக்கும். கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்கலாம், அரசின் நிலப் பதிவு இணையதளத்திலும் பார்க்கலாம். அதை எடுத்துக்கொண்டு கரையில் போய் நின்றால், எத்தனை ஏக்கர் போயிருக்கிறது என்பது அன்றைக்கே தெரிந்துவிடும்.