பாக்கப் எடுத்தாயிற்று என்று நம்புவதற்கு முன்: மைஎஸ்கியூஎல்டம்ப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பக்கம் அரிசி ஆலை, உரக்கடை, கூட்டுறவுச் சங்கம் என்று பல இடங்களில் இப்போது கணக்கு கணினியில்தான். மென்பொருளை எழுதிக் கொடுத்த பெடியன் போகும்போது இரவில் ஓடும்படி ஒரு பாக்கப் கட்டளையையும் போட்டுவிட்டுப் போயிருப்பார். காலபோக அறுவடை முடிந்து லொறி லொறியாய் நெல் வரும் நாட்களில் எந்தக் கமக்காரருக்கு எவ்வளவு காசு கொடுக்க இருக்கிறது என்பது முழுக்க அந்தத் தரவுத்தளத்துக்குள் இருக்கும். இரவில் விழும் கோப்புக்குள் அது சரியாக இருக்கிறதா என்று திறந்து பார்ப்பவர் குறைவு. அந்தக் கோப்பை எழுதுவது மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தின் பாக்கப் கட்டளையான மைஎஸ்கியூஎல்டம்ப், சுருக்கமாக டம்ப். பிழை வந்தால் அது திரையில் ஒரு வரி எழுதும், அவ்வளவுதான். இரவு பதினொரு மணிக்கு அந்தத் திரைக்கு முன்னால் ஆளில்லை.

லினக்ஸ் சேர்வர்களில் நான் முதலில் பார்ப்பது, ஒரு கட்டளை எழுதுவதை அடுத்த கட்டளைக்குக் கொடுக்கும் பைப் குறியை (|). டம்ப்பை நேரே ஜிசிப் என்ற சுருக்கும் நிரலுக்கு அனுப்புவது நல்ல பழக்கம். ஆனால் அப்படி இணைத்த கட்டளை வென்றதா தோற்றதா என்று, கட்டளைகளை ஓட்டும் ஷெல் சொல்வது கடைசியில் நிற்கும் ஜிசிப்பின் நிலையை வைத்துத்தான். கடவுச்சொல் மாறியதால் டம்ப் ஒரு வரிகூட எழுதாமல் விழுந்தாலும் ஜிசிப் அந்த வெறுமையை ஒழுங்காகச் சுருக்கி, 20 பைட் கோப்பு ஒன்றை வைத்துவிட்டு 'எல்லாம் சரி' என்று முடித்துக்கொள்ளும். தினமும் புதுத் தேதியோடு கோப்பு விழுவதால் எவருக்கும் சந்தேகம் வராது. பாஷ் என்ற ஷெல்லுக்கு எழுதிய ஸ்கிரிப்டின் (கட்டளைக் கோப்பின்) தொடக்கத்தில் 'செட் -ஓ பைப்ஃபெயில்' போட்டால் டம்ப்பின் தோல்வி வெளியே தெரியும். அதோடு, சுருக்கத்தை அவிழ்த்துக் கடைசி வரியைப் பாருங்கள். முழுதாக முடிந்த டம்ப்பின் அடியில் 'டம்ப் கம்ப்ளீட்டட்' என்று தேதியோடு இருக்கும். அது இல்லையென்றால் இடையில் கரண்ட் போயிருக்கலாம், டிஸ்க் நிரம்பியிருக்கலாம்.

குறித்த நேரத்தில் கட்டளைகளைத் தானாக ஓட்டும் கிரொனில் இன்னொரு குழி. கோப்பின் பெயரில் தேதி வர % குறி போட்ட கட்டளை, கையால் ஓட்டினால் ஓடும். கிரொனின் பட்டியலான கிரொன்டாப்பில் போட்டால் ஓடாது. அங்கே % என்றால் வரி முடிந்தது என்று பொருள், கட்டளை பாதியில் அறுந்துவிடும். % குறிக்கு முன்னால் \ போடுங்கள், அல்லது கட்டளையை ஒரு ஸ்கிரிப்டில் எழுதி அதைக் கிரொனில் அழையுங்கள்.

வின்டோஸும், தரவுத்தளத்தையும் சேர்த்து நிறுவும் எக்ஸாம்ப் தொகுப்பும் வைத்திருப்பவர்களுக்குப் பிரச்சினை வேறு. வின்டோஸோடு வரும் கட்டளைச் சாளரமான பவர்ஷெல்லில் > போட்டு டம்ப்பைக் கோப்புக்கு அனுப்பினால், அது யூடிஎஃப்-16 என்ற எழுத்துக்குறி முறையில் எழுதப்படும். அந்தக் கோப்பைத் திருப்பி ஏற்ற முடியாது. போகிற வழியில் தமிழ் எழுத்துகளும் சிதைந்துவிடும். '--ரிசல்ட்-ஃபைல்' என்ற தெரிவைக் கொடுத்தால் டம்ப் தானே நேரே கோப்பில் எழுதும். கூடவே எழுத்துக்குறி முறையை 'யூடிஎஃப்8எம்பி4' என்று சொல்லிவிடுங்கள். தமிழ் எழுத்துக்குறி ஒவ்வொன்றும் 3 பைட் என்பதால் மைஎஸ்கியூஎல்லின் பழைய 'யூடிஎஃப்8'இல் அடங்கும், இமோஜிக்கு 4 வேண்டும். கமக்காரர் பெயருக்குப் பக்கத்தில் எவன் இமோஜி போடப்போகிறான் என்பீர்கள். வாட்ஸப்பில் வந்த குறிப்பை அப்படியே ஒட்டுகிறவர்கள் எல்லாக் கடையிலும் இருக்கிறார்கள்.

பகலில் டம்ப் ஓடும்போது பில் போடும் திரை உறைந்து நிற்பதாகப் புகார் வரும். டம்ப் வழக்கமாக அட்டவணைகளைப் பூட்டிவிட்டுத்தான் படிக்கும், அதுதான் காரணம். இதற்குச் சிலர் செய்யும் வைத்தியம் பூட்டையே நிறுத்திவிடுவது. அப்படி எடுத்த கோப்பில் பற்றுச்சீட்டு இருக்கும், அதற்குரிய மூட்டைகள் இருப்பிலிருந்து கழிந்திருக்காது. சரியான தெரிவு '--சிங்கிள்-டிரான்சாக்‌ஷன்'. பூட்டாமலே, டம்ப் தொடங்கிய நொடியில் இருந்த நிலையை அது முழுதாக எடுத்துத் தரும். இது இன்னோடிபி என்ற சேமிப்பு வகையில் உள்ள அட்டவணைகளுக்கு மட்டுந்தான். 2010இல் வந்த மைஎஸ்கியூஎல் 5.5 பதிப்பிலிருந்து இன்னோடிபிதான் இயல்பு என்றாலும், அதற்கு முன் உருவாக்கி இன்றுவரை இழுத்து வந்த அட்டவணைகள் மைஐசாம் என்ற பழைய வகையாகவே இருக்கக்கூடும். ஒருமுறை பார்த்து மாற்றிவிடுங்கள்.

அட்டவணை மாறும்போது தானாக ஓடும் டிரிக்கர்கள் டம்ப்பில் தானாக வரும். தரவுத்தளத்துக்குள் சேமித்து வைத்த நிரல்களான ஸ்டோர்ட் புரொசீஜர்களும், நேரம் குறித்து ஓடும் ஈவென்ட்களும் வராது, '--ரூட்டீன்ஸ்', '--ஈவென்ட்ஸ்' என்று கேட்டு வாங்க வேண்டும். கடவுச்சொல்லைக் கட்டளை வரியிலேயே எழுத வேண்டாம், ஷெல் வரலாற்றில் அப்படியே தங்கும். ஹோம் அடைவில் '.மை.சிஎன்எஃப்' கோப்பில் வைத்து அனுமதியை 600 (உரிமையாளர் மட்டும் வாசிக்க, எழுத) ஆக்குங்கள்.

திருப்பி ஏற்றும்போது நடக்கும் தவறுகள்தான் அதிகம் நோகும். பதற்றத்தில் மைஎஸ்கியூஎல் என்று அடிப்பதற்குப் பதிலாக மைஎஸ்கியூஎல்டம்ப் என்று அடித்து, < போட்டுக் கோப்பைக் கொடுப்பார்கள். பிழை எதுவும் வராது. திரையில் வரிகள் ஓடும், கடைசியில் 'டம்ப் கம்ப்ளீட்டட்' என்றும் வரும். உண்மையில் எதுவும் ஏறியிருக்காது. இருப்பதை அது திரும்பவும் எழுதிக் காட்டியிருக்கும்.

இதைவிட மோசமானது ஒன்று உண்டு. '--டேட்டாபேசஸ்' போட்டு எடுத்த கோப்புக்குள் எந்தத் தரவுத்தளத்தில் ஏறவேண்டும் என்ற பெயரும் எழுதப்பட்டிருக்கும். சோதித்துப் பார்க்கலாம் என்று 'சோதனை' என்றொரு தரவுத்தளத்தை உருவாக்கி, அதன் பெயரைக் கொடுத்து ஏற்றினாலும், கோப்பு அதைக் கண்டுகொள்ளாமல் உண்மையான தரவுத்தளத்துக்கே போகும். போனதும் அட்டவணைகளை அழித்துவிட்டுப் பழையதை நிரப்பும். டம்ப் கோப்பில் வழக்கமாகவே ஒவ்வொரு அட்டவணைக்கும் முன்னால் 'டிராப் டேபிள்' இருக்கிறது அல்லவா? அன்று காலையிலிருந்து போட்ட பில் எல்லாம் போய்விடும். ஒரே தரவுத்தளம் என்றால் '--டேட்டாபேசஸ்' இல்லாமல் எடுங்கள். சோதனையை வேறு கணினியில் செய்யுங்கள், பழைய மடிக்கணினி போதும். ஏற்றியபின் நேற்றைய கடைசிப் பற்றுச்சீட்டு இலக்கமும் ஒரு கமக்காரரின் மீதியும் கடைக் கொப்பியோடு ஒத்துவருகிறதா பாருங்கள்.

ஒவ்வொரு இரவும் ஒரே பெயரில் எழுதினால், இன்றைய கெட்ட கோப்பு நேற்றைய நல்லதை விழுங்கிவிடும். திங்கள், செவ்வாய் என்று நாளுக்கு ஒரு பெயராகக் குறைந்தது ஏழு கோப்புகளை வைத்திருங்கள். பென்டிரைவை மேசை லாச்சிக்குள் போடுவதும் பாக்கப் ஆகாது. ஐப்பசி மின்னல் கணினியையும் அதில் செருகியிருப்பதையும் சேர்த்தே எரிக்கும். 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டு கிளிநொச்சி, முல்லைத்தீவில் வெள்ளம் வந்தபோது தண்ணீர் லாச்சி எது, மேசை எது என்று பார்க்கவில்லை. ஒரு பிரதி வேறு ஊரில் இருக்கட்டும், அல்லது மேகச் சேமிப்பில். டம்ப் வெறும் எழுத்து என்பதால் ஜிசிப்பில் நன்றாகச் சுருங்கும், மொபைல் டேட்டாவும் அதிகம் தின்னாது. அதே காரணத்தால் கோப்பு கையில் கிடைத்தவர் எவரும் கமக்காரர்களின் அடையாள அட்டை இலக்கத்தையும் வங்கிக் கணக்கையும் வாசிக்கலாம். வெளியே அனுப்பும் முன் ஜிபிஜி என்ற குறியாக்க நிரலால் பூட்டுங்கள். திறக்கும் சொல்லைக் கடைக் கணினியிலேயே எழுதி வைத்தால், அந்தக் கணினி போகும் நாளில் அதுவும் போய்விடும். காகிதத்தில் எழுதி வீட்டில் வையுங்கள்.