கண்ணீர்ப் பாதை ஆபரேஷனில் தையலுக்குப் பதில் ஒளிப்பசை: எங்கே தவறுகிறோம்?

"தையலே கிடையாதாம், லைட் அடிச்சா ஒட்டிக்குமாம்!" ஒளி பட்டால் இறுகும் பசை ஜெல்லைப் பற்றிய பேச்சு இது. இதைக் கேட்டதும் அந்த ஜெல் கண்ணீர்க் குழாயின் அடைப்பையே நீக்கிவிடும் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். நீக்காது. கண்ணிலிருந்து மூக்குக்கு இறங்கும் குழாய் அடைத்துப்போனால், கண்ணீர்ப் பைக்கும் மூக்குக்கும் நடுவே உள்ள எலும்பில் திறப்பு போட்டுப் புதுவழி செய்வார்கள். டிசிஆர் (டாக்ரியோசிஸ்டோரைனாஸ்டமி) என்பது இதுதான். இத்தாலியரான டோட்டி 1904இல் விவரித்த முறை. பையின் சவ்வையும் மூக்கின் சவ்வையும் மடலாகத் திருப்பிச் சேர்த்துத் தைப்பது பின்னால் வந்த திருத்தம். ஜெல் போட்டிபோடுவது அந்தத் தையலோடு மட்டும்தான். அதுவும் இந்த இடத்துக்கு இன்னும் வழக்கமான சிகிச்சையாகிவிடவில்லை.

இதைச் சூப்பர் குளூவின் தம்பி என்று எண்ணுவதும் தவறு. சூப்பர் குளூ ஈரம் பட்டதுமே இறுகும். கை நழுவினால் நழுவியதுதான். ஒளி ஜெல்லோ, விளக்கு படும்வரை குழம்பாகவே கிடக்கும். பல் டாக்டர் அடைத்த பல்மேல் நீல விளக்கைப் பிடிப்பாரே, ஏறக்குறைய அதே சங்கதி. பெரும்பாலும் மாற்றியமைத்த ஜெலட்டின்தான். கூடவே கலந்திருக்கும் வேதிப்பொருள் ஒளி பட்டதும் இழைகளைப் பின்னிவிடும். ஆழமான, குறுகலான குழியில் ஊசியைத் திருப்பிப் படாதபாடு படுபவருக்கு, மடலை நிதானமாகப் பொருத்திவிட்டு விளக்கைப் போடலாம் என்பது சின்ன வசதியல்ல.

ஆனால் இரத்தத்தை மறந்தால் எல்லாம் கெடும். இரத்தம் நீல ஒளியை விழுங்கிவிடும். மேலே பளபளவென்று இறுகியிருக்கும். அடியில் கொழகொழவென்று கிடக்கும். ஈரச் சவ்வில் பிடிப்பும் குறையும். அதனால் கசிவை நிறுத்தி, ஒற்றி எடுத்த பிறகுதான் ஜெல்.

என் கணக்கில் பெரிய தவறு, 'கொஞ்சம் கூடவே போடுவோம்' என்பது. இவ்வகை ஜெல்கள் நீர் இழுத்து உப்பக்கூடியவை. திறந்தே இருக்க வேண்டிய துளையைப் பசையே அடைத்தால் ஆபரேஷன் எதற்கு? மெல்லிய பூச்சு போதும், மடலின் ஓரத்தில் மட்டும்.

கண்ணில் நீர் வழிந்தாலே குழாய் அடைப்பு என்று முடிவுகட்ட வேண்டாம். கண் உலர்ந்தாலும் எரிச்சலில் நீர் கொட்டும். இமையோரத் துளை வழியே உப்புநீர் செலுத்திப் பார்ப்பார்கள். தொண்டையில் கரித்தால் வழி முழுதாக அடைபடவில்லை. கைக்குழந்தைகளில் பெரும்பாலானோருக்கு ஒரு வயதுக்குள் தானாகவே திறந்துகொள்ளும்.

ஒட்டியதோ தைத்ததோ, ஆபரேஷனுக்குப் பின் டாக்டர் சொல்லும்வரை மூக்கைப் பலமாகச் சிந்தக் கூடாது. புதுவழி மூடிக்கொள்ளாமலிருக்க மெல்லிய சிலிக்கோன் குழாய் வைத்திருந்து, கண்ணோரம் அதன் வளையம் வெளியே வந்தால் இழுக்கவும் வேண்டாம், கத்தரிக்கவும் வேண்டாம். மூக்கோரம் டேப் போட்டு ஒட்டிக்கொண்டு டாக்டரிடம் போய்விடுங்கள்.