உள்படிக்கு எபாக்சி போட்டோம், என் அனுபவம்

காரைக்குடியில் எங்கள் வீட்டு மாடிப்படி சிமெண்ட் படி. விளிம்பெல்லாம் பொரிந்து, எத்தனை முறை கூட்டினாலும் தூசி வரும். கீழே ஆத்தங்குடிக் கல் பளபளவென்று இருக்க, படி மட்டும் இப்படியா என்று அப்பத்தாவுக்குத் தீராத குறை.

அதனால்தான் படிக்கு எபாக்சி போட்டோம்; ரெசின், ஹார்டனர் என்ற இரண்டு திரவங்களைக் கலந்து பூசினால் இறுகிக் கெட்டியாகும் பூச்சு அது. எபாக்சியில் பாதி வேலை தேய்ப்புதான். பழைய பெயிண்ட், மெழுகு, எண்ணெய்ப் பிசுக்கு எல்லாம் போக கிரைண்டர் வைத்து உரசி, தூசியை உறிஞ்சி எடுத்து, உடைந்த விளிம்புகளை எபாக்சி பட்டியால் கட்டி, அப்புறம்தான் பிரைமர். பிரைமருக்கு முன்னால், படியில் ஈரம் இருக்கிறதா என்று பார்க்க, அதன்மேல் பிளாஸ்டிக் ஷீட்டை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, மறுநாள் பிரித்துப் பாருங்கள். அடியில் வேர்த்திருந்தால் காயும்வரை பொறுக்கத்தான் வேண்டும், ஈரத்தில் போட்டால் உரிந்து வரும்.

ரெசினும் ஹார்டனரும் டின்னில் சொன்ன அளவுப்படியே, கண் மதிப்பு செல்லாது. நம் ஊர் வெயிலுக்குக் கலவை டப்பாவிலேயே சூடாகி இறுகிவிடும், அதனால் விடியற்காலையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்தோம். படியின் செங்குத்தான முகப்பில் வழியாமல் இருக்க சிலிக்கா பவுடர் சேர்த்துக் கெட்டியாக இழுத்தோம். மிதிக்கிற இடத்தில் சன்ன மணல் தூவியே ஆக வேண்டும், ஈரக்கால் வழுக்கும். முற்றத்து வெயில் விழும் படிகளுக்கு மேலே பாலியூரித்தேன் என்ற வெயில் தாங்கும் கோட்டிங் கொடுங்கள், வெறும் எபாக்சி மஞ்சளடித்துவிடும்.