ஏற்காட்டில் மட்டும் வெள்ளைத் திரை

ஏற்காட்டில் காட்டேஜ் நடத்தும் அண்ணன் ஒருவருக்கு ரியாக்ட்டில் (பக்கத்தை உலாவியிலேயே ஜாவாஸ்கிரிப்ட் கொண்டு கட்டும் கருவி) நான் செய்த வாடகை இணையப் பக்கம் சேலத்தில் பட்டென்று திறந்தது. மலையில் சிக்னல் இறங்கினால் வெறும் வெள்ளை. படங்களைச் சுருக்கினேன், சிடிஎன் (கோப்புகளை அருகிலுள்ள சர்வரிலிருந்து தரும் சேவை) போட்டேன். நாட்கள் போனதுதான் மிச்சம்.

துப்பு கொடுத்தது வாட்ஸ்அப். இணைப்பை அனுப்பினால் முன்னோட்டத்தில் காட்டேஜ் பெயருக்குப் பதில் ‘ரியாக்ட் ஆப்’ என்ற இயல்புத் தலைப்பு வந்தது. அந்த முன்னோட்டம் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டாது; சர்வர் தரும் ஹெச்டிஎம்எல்லை மட்டும் படிக்கும். அந்த ஹெச்டிஎம்எல்லைக் காட்டும் வியூ சோர்ஸில் பார்த்தால் ‘ரூட்’ என்று ஒரு காலி டிவ் (வெறும் பெட்டி), கீழே ஸ்கிரிப்ட். அந்த ஸ்கிரிப்ட் முழுதாக இறங்கி ஓடும்வரை காட்ட எதுவுமே இல்லை.

வாடகை சீசனுக்கு ஒருமுறை மாறுவது. அதற்கு எதற்கு இத்தனை ஆட்டம்? பில்டு நேரத்திலேயே, அதாவது தளத்தை வெளியிடத் தயாரிக்கும்போதே, வாடகையை நிலையான ஹெச்டிஎம்எல்லாக எழுதினேன். தேதி தேர்வு மட்டும் தனி ஸ்கிரிப்ட், டிஃபர் போட்டு, அதாவது ஹெச்டிஎம்எல்லை உலாவி படித்து முடித்த பிறகே ஓடும்படி. அப்பாடா! மலையில் லேடீஸ் சீட் காட்சிமுனைப் பக்கம் நின்றாலும் வாடகை முதலில் வந்துவிடுகிறது, காலண்டர் அப்புறம் மெதுவாக.