ஐட்டிஸ் என்று முடிந்தால் என்ன அர்த்தம்? ஆஸ்பத்திரித் தாளை வாலிலிருந்து படிக்கும் வழி

கேரள-தமிழ்நாடு எல்லையில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பக்கம் குடியிருக்கிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். வீட்டில் தமிழ், பாலக்காட்டு ஆஸ்பத்திரிக்குப் போனால் சிஸ்டர் பேசுவது மலையாளம், மேல்சிகிச்சைக்குக் கோயம்புத்தூர் போனால் மறுபடியும் தமிழ், ஆனால் கடைசியில் கையில் கொடுக்கிற டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் எந்தப் பக்கம் போனாலும் இங்கிலீஷ். ஜெராக்ஸ் எடுக்க வருகிறவர்கள் அந்தத் தாளை நீட்டி "இதுல என்னங்க எழுதியிருக்கு" என்று கேட்பது எங்கள் கடையில் சகஜம். நான் டாக்டர் இல்லை, மருந்து சொல்லவும் மாட்டேன். ஆனால் அந்தத் தாளில் மிரட்டுகிற சொற்களில் நிறைய ஒரே மாதிரிதான் முடிகின்றன, அந்த முடிவைப் பிடித்துக்கொண்டால் மீதிச் சொல் தானாகப் பிரிந்து வந்துவிடும். அதைச் சொல்லிக்கொடுக்க டாக்டர் பட்டம் தேவையில்லை.

முதல் வேலை, சொல்லை முன்னாலிருந்து படிக்காதீர்கள். கடைசி நான்கு எழுத்தைப் பாருங்கள். ஐ, டி, ஐ, எஸ் என்று இருந்தால் அது ஐட்டிஸ். ஆர்த்ரைட்டிஸ், ஹெப்படைட்டிஸ், டான்சிலைட்டிஸ், கேஸ்ட்ரைட்டிஸ் எல்லாம் இந்தக் குடும்பம். இந்த வால் வந்துவிட்டால் உடம்பில் ஏதோ ஓர் இடத்தில் அழற்சி என்று அர்த்தம். அழற்சி என்றால் என்ன என்பதற்கு கி.பி. முதல் நூற்றாண்டில் செல்சஸ் என்கிற ரோமானியர் லத்தீனில் எழுதிவைத்த நான்கு அடையாளங்களை இன்றைக்கும் மருத்துவ மாணவர்கள் படிக்கிறார்கள்: சிவப்பு, வீக்கம், சூடு, வலி. கொப்புளம் பழுத்த விரலை நினைத்துக்கொள்ளுங்கள், நான்கும் இருக்கும். அதே சமாசாரம் உள்ளே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நடந்தால் அதற்கும் இதே வால்தான்.

இந்த வால் எங்கிருந்து வந்தது என்பது சுவாரசியமான கதை. பழைய கிரேக்கத்தில் ஐட்டிஸ் என்பதற்கு அழற்சி என்ற பொருளே கிடையாது. "இன்னதைச் சேர்ந்த" என்று மட்டும்தான் பொருள். ஆர்த்ரான் என்றால் மூட்டு, நோசோஸ் என்றால் நோய், ஆர்த்ரைட்டிஸ் நோசோஸ் என்றால் மூட்டைச் சேர்ந்த நோய், அவ்வளவுதான். கிரேக்கத்தில் நோசோஸ் பெண்பால் சொல், அதனால்தான் முன்னால் வருகிற சொல்லும் பெண்பாலாகி ஐட்டிஸ் என்று முடிகிறது. ஆண்பாலாக இருந்திருந்தால் ஐட்டெஸ். நாளாக ஆக நோசோஸைச் சொல்வதை விட்டுவிட்டார்கள், முன்சொல் மட்டும் மிஞ்சியது. அப்படி மிஞ்சிய பெயர்களில் பெரும்பாலானவை சூடும் வீக்கமுமாக இருக்கிற நோய்களுடையவை என்பதால், பின்னால் வந்த ஐரோப்பிய மருத்துவர்கள் வாலுக்கே அழற்சி என்ற பொருளை ஏற்றிவிட்டார்கள். அப்புறம் புதுசாக ஒரு நோய்க்குப் பெயர் வைக்க வேண்டுமானால் உறுப்பின் பெயரை எடு, வாலை ஒட்டு என்று ஆகிவிட்டது. மூச்சுக்குழாய் அழற்சிக்கு பிராங்கைட்டிஸ் என்ற பெயரை 1808இல் சார்ல்ஸ் பாதம் என்கிற ஆங்கில மருத்துவர் இப்படித்தான் உண்டாக்கினார்.

சரி, வால் புரிந்தது. இனி தலை. வாலை வெட்டிவிட்டு மிச்சம் இருப்பதைப் பார்த்தால் எந்த உறுப்பு என்று தெரியும், ஆனால் அந்த உறுப்பின் பெயர் நாம் பள்ளிக்கூடத்தில் படித்த இங்கிலீஷ் பெயராக இருக்காது, கிரேக்கமாக இருக்கும். ஈரல் ஹெப்பாட், சிறுநீரகம் நெஃப்ர், தோல் டெர்மட், மூக்கு ரைன், காது ஓட், வாய் ஸ்டோமட், நாக்கு கிளாஸ், முதுகெலும்புக் கண்ணி ஸ்பாண்டில், ரத்தக் குழாயில் சிரை என்றால் ஃபிளெப். இந்த ஒன்பதையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ஃபைலுக்குள் வைத்துக்கொண்டாலே பாதித் தாளைப் படித்துவிடலாம். கருவிழியில் வருவது கெரடைட்டிஸ், அதில் இருக்கிற கெராஸ் என்பதற்குக் கொம்பு என்று பொருள். இங்கிலீஷில் கருவிழிக்குச் சொல்லும் கார்னியாவும் லத்தீன் கொம்புதான். கணையத்தில் வருவது பேன்க்ரியடைட்டிஸ். பேன் என்றால் முழுவதும், க்ரியாஸ் என்றால் சதை. எலும்போ குருத்தெலும்போ இல்லாமல் முழுக்கச் சதையாக இருக்கிறதே என்று பார்த்தவர்கள் வைத்த பெயர்.

கேஸ்ட்ரைட்டிஸ் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தப் பக்கம் இரண்டு பாஷைக்காரர்களும் சேர்ந்து ஒரே மாதிரி குழப்புவது இதைத்தான். "எனக்கு கேஸ்ங்க" என்று ஏப்பம் விட்டுக்கொண்டே காட்டுவார்கள். அந்தச் சொல்லில் இருக்கிறது கேஸ் இல்லை, கேஸ்டர், அதாவது இரைப்பை. இரைப்பையின் உள்சுவரில் அழற்சி, அவ்வளவே. வாயு என்ற பொருளில் வரும் கேஸ் வேறு வீட்டுப் பிள்ளை: 17ஆம் நூற்றாண்டில் வான் ஹெல்மான்ட் என்பவர், கேயாஸ் என்ற கிரேக்கச் சொல்லை மனதில் வைத்து உண்டாக்கியது. இரண்டும் ஒரே மாதிரி ஒலிப்பது தற்செயல். கேஸ்ட்ரோஎன்டரைட்டிஸ் என்று நீளமாக இருந்தால் இரைப்பையோடு என்டரான், அதாவது குடலும் சேர்ந்துவிட்டது, வாந்தியும் பேதியும் ஒன்றாக வருகிற கேஸ் அது. (இந்த கேஸ் மூன்றாவது கேஸ், விட்டுவிடுங்கள்.)

எல்லாத் தலையும் கிரேக்கம் இல்லை. டான்சில், சைனஸ், அப்பென்டிக்ஸ் மூன்றும் லத்தீன், அவற்றின்மேல் கிரேக்க வாலை ஒட்டியிருக்கிறார்கள். மொழித்தூய்மை பார்க்கிறவர்கள் இதற்கு முகம் சுளித்ததுண்டு. அப்பென்டிசைட்டிஸ் என்ற சொல்லை 1886இல் பாஸ்டனைச் சேர்ந்த ரெஜினால்ட் ஃபிட்ஸ் என்ற மருத்துவர் அறிமுகப்படுத்தினார். அதே காலத்தில் ஆக்ஸ்ஃபோர்டில் பெரிய இங்கிலீஷ் அகராதியைப் பகுதி பகுதியாக வெளியிட்டுக்கொண்டிருந்தார்கள், முதல் பதிப்பில் இந்தச் சொல் இடம்பெறவே இல்லை. 1902 ஜூனில் பிரிட்டனின் ஏழாம் எட்வர்டு மன்னருக்கு முடிசூட்டு விழா நடக்க இரண்டே நாள் இருக்கும்போது அவருக்கு அப்பென்டிக்ஸ் கோளாறில் ஆபரேஷன் ஆகி, விழாவே ஆகஸ்ட் 9க்குத் தள்ளிப்போனது. அகராதியில் இல்லாத சொல் ஊர் முழுக்கப் பேச்சாகிவிட்டது. நம்மிடம் குடல்வால் என்று அழகான பெயர் இருக்கிறது, லத்தீனில் தொங்கிக்கொண்டிருப்பது என்று மட்டும்தான் சொல்கிறார்கள்.

எல்லையில் இருப்பதில் இன்னொரு சிக்கல், ஒரே ஐட்டிஸுக்கு இரண்டு ஊர்ப்பெயர். கஞ்சங்டிவைட்டிஸ் இந்தப் பக்கம் மெட்ராஸ் ஐ, அந்தப் பக்கம் செங்கண்ணு. பரோட்டைட்டிஸ் நமக்குப் பொன்னுக்கு வீங்கி, மலையாளத்தில் முண்டிநீரு. பெயரைப் பிரித்தால் பரா என்றால் அருகே, ஓட் என்றால் காது, காதருகே உள்ள சுரப்பியில் அழற்சி, வீங்குகிற இடமும் சரியாக அதுதான். ஹெப்படைட்டிஸ் நமக்கு மஞ்சள் காமாலை, அவர்களுக்கு மஞ்ஞப்பித்தம். இதில் மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும். மஞ்சள் காமாலை என்பது கண்ணிலும் தோலிலும் தெரிகிற நிறத்தை வைத்துச் சொல்வது, ஹெப்படைட்டிஸ் ஈரலின் அழற்சியைச் சொல்வது. பித்தப்பைக் கல் குழாயை அடைத்தாலும் கண் மஞ்சளாகும், ஈரலில் அழற்சி இருந்தும் கண் மஞ்சளாகாமலும் இருக்கும். பின்னால் வருகிற இங்கிலீஷ் எழுத்தையும் விடாமல் படியுங்கள்: ஏ, ஈ இரண்டும் பெரும்பாலும் கெட்ட தண்ணீரிலும் உணவிலும் வருபவை, பி, சி, டி மூன்றும் ரத்தத்தின் வழியாகப் பரவுபவை. வீட்டில் இருக்கிற மற்றவர்கள் தண்ணீரைக் கொதிக்கவைக்க வேண்டுமா, ஊசி போட்டுக்கொள்ள வேண்டுமா என்று டாக்டரிடம் கேட்பது அந்த ஒற்றை எழுத்தைப் பொறுத்தது.

இவ்வளவு தெரிந்தால் மலையாளச் செய்தியில் கொஞ்ச காலமாக அடிபடுகிற அந்த நீளமான பெயரையும் உடைத்துவிடலாம். அமீபிக் மெனிஞ்சோஎன்செஃபலைட்டிஸ். வாலிலிருந்து வாருங்கள். ஐட்டிஸ், அழற்சி. என்செஃபல், பிரித்தால் என் என்பது உள்ளே, கெஃபலே என்பது தலை, தலைக்குள்ளே இருப்பது மூளை. மெனிஞ்சோ, மூளையைச் சுற்றியிருக்கிற சவ்வு. அமீபிக், அமீபாவால் வந்தது. ஆக, அமீபாவால் மூளையிலும் மூளைச் சவ்விலும் ஏற்பட்ட அழற்சி. குளத்திலோ குட்டையிலோ குளிக்கும்போது மூக்கு வழியாக ஏறுகிற நெக்லேரியா ஃபௌலெரி இதற்குக் காரணமாகிற அமீபாக்களில் ஒன்று. மலையாளப் பத்திரிகைகள் மஸ்திஷ்க ஜ்வரம் என்று எழுதுவதும் இதைத்தான். மெனிஞ்சைட்டிஸ் என்று மட்டும் இருந்தால் சவ்வோடு நிற்கிறது, என்செஃபலைட்டிஸ் என்று மட்டும் இருந்தால் மூளை. 2018இல் கோழிக்கோட்டில் நிபா வந்தபோது டிவியில் ஓயாமல் கேட்டது இந்த இரண்டாவது சொல்.

இப்போது வால் எதைச் சொல்லாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள், என்னைக் கேட்டால் இதுதான் முக்கியம். ஐட்டிஸ் காரணத்தைச் சொல்லாது. ஐட்டிஸ் என்றால் கிருமி, கிருமி என்றால் ஆன்டிபயாட்டிக் என்று நேராக மருந்துக்கடைக்குப் போகிறவர்கள் உண்டு. ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸில் கிருமியே கிடையாது, உடம்பின் பாதுகாப்புப் படை சொந்த மூட்டையே தாக்குகிறது. பேன்க்ரியடைட்டிஸ் குடியால் வரும், பித்தப்பைக் கல்லால் வரும். ஹெப்படைட்டிஸ் வைரஸால் மட்டுமல்ல, சாராயத்தால், சில மருந்துகளால்கூட வரும். ஆகவே தாளில் ஐட்டிஸைப் பார்த்தால் டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி "எதனால வந்துச்சு?" என்பதுதான். முன்னால் அக்யூட் என்று போட்டிருந்தால் திடீரென்று வந்தது, க்ரானிக் என்றால் நாள்பட்டது. அக்யூட் என்றால் மோசமானது என்று நினைத்துப் பயப்படுகிறவர்கள் அதிகம், அது வேகத்தைச் சொல்கிற சொல்.

ஏமாற்றுகிற வால்களும் உண்டு. டின்னிட்டஸ், ப்ரூரைட்டஸ், டயபெடிஸ் மெலிட்டஸ் இவற்றின் முடிவைக் கூர்ந்து பாருங்கள், கடைசியில் ஐ-எஸ் இல்லை, யூ-எஸ். இவை லத்தீன், நம்முடைய ஐட்டிஸுக்குச் சொந்தமே இல்லை. டின்னிட்டஸ் காதுக்குள் மணி அடிப்பது, ப்ரூரைட்டஸ் அரிப்பு, மெலிட்டஸ் தேன்போல் இனிப்பது. இங்கிலீஷ்காரர்களே டின்னிட்டிஸ் என்று தப்பாக எழுதிவைக்கிறார்கள் என்பதால் நமக்கு வெட்கம் வேண்டாம்.

ஓசிஸ் என்று முடிந்தால் அழற்சி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், ஒரு நிலை, ஒரு மாற்றம். கழுத்து வலிக்காரர்கள் எல்லோரும் வாயால் சொல்வது ஸ்பாண்டிலைட்டிஸ், ரிப்போர்ட்டில் பல சமயம் இருப்பது ஸ்பாண்டிலோசிஸ், வயதாக ஆக எலும்புக் கண்ணிகளும் தட்டுகளும் தேய்வது. இரண்டுக்கும் சிகிச்சை ஒன்றில்லை, அதனால் ஒரு தடவை எழுத்தைச் சரிபாருங்கள். ஓமா என்றால் பெரும்பாலும் கட்டி. லைப்போமா கொழுப்புக் கட்டி, பயப்பட ஒன்றுமில்லாதது. ஆனால் ஹீமடோமா ரத்தக்கட்டு, கிளாக்கோமா கண் அழுத்த நோய், ஓமாவைக் கண்டதும் கேன்சர் என்று அழ ஆரம்பிக்க வேண்டாம்.

ஆபரேஷன் ஆகியிருந்தால் இன்னும் மூன்று வால் தெரிய வேண்டும். எக்டமி என்றால் வெட்டி வெளியே எடுத்தாயிற்று, குடல்வாலை எடுத்தால் அப்பென்டிசெக்டமி. ஆட்டமி என்றால் வெட்டித் திறந்தது மட்டும், எதையும் எடுத்தார்கள் என்று அர்த்தமில்லை. ஆஸ்டமி என்றால் புதிதாக ஒரு வாய் வைத்தது, மேலே வாய்க்கு ஸ்டோமட் என்று பார்த்தோமே, அதே சொல்தான். பெருங்குடலுக்கு இதைப் பொருத்திப் பாருங்கள்: கொலெக்டமி என்றால் குடலின் ஒரு பகுதியையோ முழுவதையுமோ எடுத்துவிட்டார்கள், கொலாஸ்டமி என்றால் குடலை வயிற்றுத் தோலில் திறந்து பை மாட்டியிருக்கிறார்கள். கேட்கும்போது கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும். இன்ஷூரன்ஸ் ஃபாரத்தில் காதால் கேட்டதை எழுதி, டிஸ்சார்ஜ் சம்மரியில் வேறு இருந்தால் க்ளெய்ம் திரும்பி வரலாம். அதனால் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத்து எழுத்தாகப் பார்த்து எழுதுங்கள், கையெழுத்து புரியாவிட்டால் டிஸ்சார்ஜ் ஆவதற்கு முன்பே வார்டு சிஸ்டரிடம் கேட்டுப் பெரிய எழுத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.