மரபணு மாற்றச் செய்தியை எடைபோடுவது எப்படி?

மரபணுப் பொறியியல் பற்றிய செய்தி ஒன்றைப் படிக்கும்போது, அது நல்லதா கெட்டதா என்ற கேள்வியைச் சற்றுத் தள்ளிவைத்துவிட்டு, எந்த மரபணு, எதன் வழியாக, எந்த உயிரணுவுக்குள் சென்றது என்பதை முதலில் தேடுங்கள்.

அதற்கு அடிப்படைச் செய்முறை தெரிந்திருக்க வேண்டும். ஈக்கோஆர்1 என்னும் நொதி, டி.என்.ஏவில் ஜி-ஏ-ஏ-டி-டி-சி என்ற ஆறெழுத்து வரிசை (எழுத்து என்பது டி.என்.ஏவின் வேதி அலகு) வரும் இடத்தில் மட்டுமே வெட்டும். இரண்டு இழைகளையும் ஒரே நேர்க்கோட்டில் வெட்டாமல் சற்று விலக்கி வெட்டுவதால், ஒவ்வொரு முனையிலும் நான்கு எழுத்துகள் ஒற்றை இழையாக நீட்டிக்கொண்டிருக்கும். அதே நொதியால் வெட்டிய வேறோர் உயிரினத்தின் டி.என்.ஏ முனை இதனுடன் பொருந்திக்கொள்ள, லிகேஸ் என்னும் மற்றொரு நொதி இரண்டையும் பிணைத்துவிடுகிறது. பிளாஸ்மிட் எனப்படும் வளைய டி.என்.ஏவில் இவ்வாறு சேர்த்த மரபணுவைப் பாக்டீரியாவுக்குள் செலுத்தினால், பாக்டீரியா பெருகப் பெருக அதுவும் பெருகும். ஸ்டான்லி கோஹென், ஹெர்பர்ட் போயர் குழுவினர் 1973இல் இதைச் செய்துகாட்டினர். பன்றி, மாடு ஆகியவற்றின் கணையத்திலிருந்து எடுத்த இன்சுலினை நம்பியிருந்த நோயாளிகளுக்கு, பாக்டீரியாவில் உருவான மனித இன்சுலின் 1982இல் மருந்தாகக் கிடைத்தது. மருத்துவத்தின் பெரும்பேறுகளில் ஒன்றாகவே அதை நான் கருதுகிறேன்.

மனித உடலுக்குள் மரபணுவைக் கொண்டுசெல்லும்போதுதான் வழி முக்கியமாகிறது. பிறவியிலேயே நோய் எதிர்ப்பாற்றல் அற்ற குழந்தைகளுக்குப் பாரிஸில், உயிரணுவின் டி.என்.ஏவுக்குள் தன்னைப் பதித்துக்கொள்ளும் ரெட்ரோவைரஸ் வழியாகச் சரியான மரபணு அளிக்கப்பட்டபோது, பெரும்பாலோர் நலம் பெற்றனர். ஆனால் அது எல்.எம்.ஓ.2 என்ற, புற்றுநோயைத் தூண்டக்கூடிய மரபணுவின் அருகே போய்ப் பதிந்ததால் சிலருக்கு இரத்தப் புற்றுநோய் வந்தது. டி.என்.ஏவைக் குறித்த இடத்தில் வெட்டித் திருத்தும் கிரிஸ்பர் முறையில் வழிகாட்டி ஆர்.என்.ஏவின் ஏறத்தாழ 20 எழுத்துகளே இலக்கைக் காட்டுவதால், ஒத்த வரிசையுள்ள வேறிடத்திலும் வெட்டு விழலாம். அதை எவ்வாறு சோதித்தார்கள் என்று சொல்லாத ஆய்வை அவசரப்பட்டு நம்ப வேண்டாம்.

மாற்றம் அடுத்த தலைமுறைக்குச் செல்லுமா என்பதைக் கட்டாயம் பாருங்கள். 2023இல் பிரிட்டன் ஒப்புதல் அளித்த கதிர் அரிவாளணு நோய்க்கான (இரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்துவிடும் பரம்பரை நோய்) கிரிஸ்பர் சிகிச்சை, நோயாளியின் சொந்த இரத்தக் குருத்தணுக்களை மட்டுமே திருத்துவதால், அவருடைய பிள்ளைகளுக்குச் செல்லாது. சீனாவில் ஹே ஜியான்குய் என்ற அறிவியலாளர் மனிதக் கருக்களைத் திருத்தி இரட்டைக் குழந்தைகளைப் பிறக்கச் செய்ததாக 2018இல் அறிவித்தது வேறு வகை. அத்தகைய மாற்றம் சந்ததிக்கும் தொடரக்கூடும், பிறக்காதவரிடம் ஒப்புதல் பெறவும் வழியில்லை. அவருக்கு மூன்றாண்டுச் சிறை விதித்ததை நியாயமென்றே எண்ணுகிறேன்.

பயிர் பற்றிய செய்தியென்றால், மகரந்தம் சென்று கலக்கக்கூடிய காட்டு உறவுச் செடிகள் அருகில் உள்ளனவா என்று கேளுங்கள்.