பழைய குடும்பப் போட்டோவைச் சரிசெய்ய எந்த சாஃப்ட்வேர்? காசு செலவழிக்கும் முன் பார்க்க வேண்டியவை

தாத்தா பாட்டி போட்டோவைச் சரிசெய்யலாம் என்றதும் எல்லோரும் முதலில் சாஃப்ட்வேரைத் தேடுவார்கள். அதற்கு முந்தின வேலை ஸ்கேன். அது சொதப்பினால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் பயனில்லை.

1. சட்டத்தைக் கழற்றுவது

கண்ணாடி மேல் வைத்த சந்தனம் குங்குமத்தை, நன்றாகப் பிழிந்த துணியால் முதலில் துடைத்துவிடுங்கள். தண்ணீர் தெளிக்க வேண்டாம், விளிம்பு வழியாக உள்ளே இறங்கிவிடும். பிறகு பின்பக்க ஆணிகளைக் குறடால் நிமிர்த்தி அட்டையை எடுங்கள். படம் கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் பிய்க்கவே கூடாது. ஈரத்தில் இளகிய ஜெலட்டின் பூச்சு அப்படியே காய்ந்திருக்கும். இழுத்தால் முகம் கண்ணாடியில் தங்கிவிடும். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்யுங்கள்.

2. ஸ்கேன்

மதுரை டவுன்ஹால் ரோடு கடையோ உசிலம்பட்டி ஜெராக்ஸ் கடையோ, எங்கே கொடுத்தாலும் மூன்று விஷயம் சொல்லுங்கள்: கலரில், 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற கணக்கு), டிஃப் ஃபைல் (தரம் குறையாமல் சேமிக்கும் ஃபைல் வகை). டிஃப் வராது என்றால் பிஎன்ஜி போதும். பிடிஎஃப் வேண்டாம். 4x6 அங்குலப் படம் 600-இல் 2400x3600 பிக்சல் வரும். அதை 300 டிபிஐயில் 8x12 வரை பிரிண்ட் போடலாம். பாஸ்போர்ட் சைஸ் படம் என்றால் 1200 கேளுங்கள்.

கறுப்பு வெள்ளைப் படத்தையும் ஏன் கலரில்? கலர் ஸ்கேன் என்பது சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று தனிப் பதிவுகள் (சேனல்) சேர்ந்தது. பழுப்புக் கறை நீலச் சேனலில் அடர்த்தியாகவும், சிவப்புச் சேனலில் கிட்டத்தட்ட மறைந்தும் இருக்கும். உள்ளே கசிந்த குங்குமக் கறையும் அப்படித்தான். கலர் ஸ்கேன் இருந்தால் சிவப்புச் சேனலை மட்டும் எடுத்து பாதி வேலையை ஒரே க்ளிக்கில் முடிக்கலாம்.

ஸ்கேனரில் இருக்கும் தூசி நீக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். பாட்டியின் மூக்குத்தியையும் சுங்குடிச் சேலையின் புள்ளிகளையும் அது தூசி என்றே நினைக்கும்.

3. எதை எடுப்பது

தேவை நான்கே: லெவல்ஸ் (கறுப்பு வெள்ளை அளவைச் சரிசெய்வது), ஹீல் (கீறலைச் சுற்றியுள்ள நிறத்தோடு கலந்து மறைப்பது), க்ளோன் (நல்ல இடத்தை அப்படியே நகலெடுத்து ஒட்டுவது), லேயர் (படத்தின் மேல் தனி அடுக்கு வைத்து வேலை செய்வது). இவை இருந்தால் போதும், மாதச் சந்தா கட்டி போட்டோஷாப் எடுக்க வேண்டியதில்லை.

ஃபோட்டோபீ: பிரவுசரிலேயே ஓடும், இலவசம், ஓரத்தில் விளம்பரம் வரும். படம் உங்கள் கம்ப்யூட்டரை விட்டு வெளியே போகாது. இன்ஸ்டால் செய்யத் தயங்குபவர்கள் இதில் தொடங்கலாம்.

ஜிம்ப்: இதுவும் இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும், நெட் வேண்டாம். நிறையப் படங்கள் இருந்தால் எங்கள் ஓட்டு இதற்குத்தான்.

போனில் ஸ்னாப்சீட் சின்னக் கீறலுக்குச் சரி. லேயர் கிடையாது என்பதால் கிழிந்த படத்துக்கு ஆகாது.

ஒரே தட்டில் முகத்தைத் தெளிவாக்கும் ஏஐ ஆப்கள் இல்லாத கண் இமையையும் பல்லையும் தானே வரைந்துவிடும். கல்யாணக் கூட்டப் படத்தில் சின்னதாகத் தெரியும் முகங்கள் வேறு யாரோ ஆகிவிடும். அவை வேண்டாம்.

4. ஜிம்ப்பில் வேலை

ஃபைலைத் திறந்ததும் லேயரை நகலெடுங்கள் (ஷிஃப்ட்+கன்ட்ரோல்+டி). அசல் அடியில் பத்திரமாக இருக்கட்டும்.

பழுப்பு ஏறியிருந்தால் கலர்ஸ், காம்பொனன்ட்ஸ், எக்ஸ்ட்ராக்ட் காம்பொனன்ட் போய்ச் சிவப்பைத் தேர்ந்தெடுங்கள். கையால் வண்ணம் தீட்டிய படத்துக்கு இது கூடாது, வண்ணம் போய்விடும்.

அடுத்து கலர்ஸ், லெவல்ஸ். வரைபடத்தில் மேடு தொடங்கும் இடத்துக்குக் கறுப்பு முக்கோணத்தையும் முடியும் இடத்துக்கு வெள்ளையையும் இழுங்கள். அதைத் தாண்டி இழுத்தால் வெள்ளை வேட்டியின் மடிப்பு காணாமல் போகும்.

இனி கீறல்கள். 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கி, எச் அழுத்தி ஹீல் எடுங்கள். பிரஷ் கீறலைவிடச் சற்றே பெரிதாக இருந்தால் போதும். கன்ட்ரோலை அழுத்தியபடி பக்கத்தில் நல்ல இடத்தை க்ளிக் செய்து, கீறல் மேல் குட்டிக் குட்டியாக வையுங்கள். நீளமாக இழுத்தால் தேய்த்தது தெரியும். முடியும் நெற்றியும் சேரும் இடத்திலும் சேலைக் கரையிலும் ஹீல் மை கலங்கியது போல் அழுக்காக்கும், ஏனென்றால் சுற்றியுள்ள நிறத்தோடு கலப்பதுதான் அதன் வேலை. அங்கே மட்டும் சி அழுத்தி க்ளோனுக்கு மாறுங்கள்.

லேயர்கள் அப்படியே இருக்கும்படி ஜிம்ப்பின் சொந்த ஃபைல் வகையான எக்ஸ்சிஎஃப் ஆகச் சேமித்து, பிரிண்டுக்குத் தனியாக ஜேபெக் எடுங்கள். பெரிய பிரிண்டுக்கு முன் ஒரு 4x6 மேட் பேப்பரில் போட்டுப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். முகம் கறுத்து வந்தால் லெவல்ஸில் நடு முக்கோணத்தை மட்டும் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளுங்கள்.